நாக்குக் கட்டா, பேச்சுத் தடங்கலா? கொழும்பில் பிள்ளையோடு அலையும் முன் செய்ய வேண்டியவை

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளட்டின் பல்கனிக் கம்பியில் காலையில் ஒரு காகம் வந்து குந்தும். அதைக் கண்டதும் மகன் "தாத்தா! தாத்தா!" என்று கத்துவான். உள்ளே பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கும் என் அப்பா "என்னப்பு?" என்று எழும்பி வருவார். ஒருநாள் காகம் பறந்துபோக, அவர் முகத்துக்கு நேரே கையை விரித்து "தாத்தா போச்சு" என்றான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அப்போது 3 வயதும் 2 மாதமும்.

அந்தக் கிழமையே மாமி அவன் வாயைத் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டா: "பிள்ளைக்கு நாக்குக் கட்டு. இதை இவ்வளவு நாளும் பாக்கேல்லையே?" நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு நாக்கை இழுத்துப் பிடித்திருப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். உண்மைதான், நாக்கை நீட்டச் சொன்னால் நுனி நடுவில் மடிந்து இதய வடிவமாய்த் தெரிந்தது. ஒரு தனியார் இடத்தில் டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் எடுத்து, காட்டினோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளை ஒரு சொல் பேசக் கேட்காமலே, சவ்வை வெட்டினால் சரியாகிவிடும், அடுத்த கிழமைக்குத் திகதி போடலாம் என்றார்.

நாங்கள் வெட்டவில்லை. வெட்டியிருந்தாலும் காகம் தாத்தாவாகத்தான் இருந்திருக்கும். அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு நாலு மாதம் பிடித்தது. அதே நேரத்தில் என் அக்காவின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு, உண்மையிலேயே வெட்ட வேண்டி வந்தது. வெட்டியதில் பயனும் கிடைத்தது. இரண்டு பிள்ளைக்கும் நாக்கின் அடியில் இருந்தது ஒரே சவ்வு. வித்தியாசம் எந்த எழுத்து பிழைத்தது என்பதில் இருந்தது.

முதலில், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு

உங்கள் பிள்ளை இன்னும் பால்குடி என்றால் பேச்சைப் பற்றிய கவலையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அந்த வயதில் கேள்வி ஒன்றுதான்: பால் குடிக்கிறதா? மார்பைப் பிடித்துப் பிடித்து விடுவது, குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வருவது, அம்மாவுக்கு முலைக்காம்பு புண்ணாகி வலிப்பது, நிறை ஏறாமல் இருப்பது ஆகியவை இருந்தால் பிரசவ ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் பிரிவிலோ கிளினிக்கிலோ உடனே காட்டுங்கள். பல வேளை பிள்ளையைப் பிடிக்கும் விதத்தை மாற்றியதுமே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கத்தரியால் சவ்வைச் சிறிதாய் வெட்டிவிடுவார்கள். சில விநாடி வேலை, வெட்டிய கையோடு பால் கொடுக்கச் சொல்வார்கள். 5 ஆய்வுகளில் 302 குழந்தைகளை வைத்து 2017-ல் வெளியான கொக்ரேன் மீளாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் அமைப்பு அது), இதனால் தாயின் வலி குறுகிய காலத்துக்குக் குறைகிறது என்றது. குழந்தை பால் குடிப்பது உறுதியாய் மேம்படும் என்று அதனால் சொல்ல முடியவில்லை. "பிறகு பேச்சு வராமல் போய்விடும், இப்பவே வெட்டுங்கோ" என்று யாராவது சொன்னால் அதற்காக மட்டும் வெட்டத் தேவையில்லை.

இனி வருவது எல்லாம் 2 வயது தாண்டிய பிள்ளைகளுக்கு.

படி 1: வாய்க்குள் பாருங்கள், ஆனால் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

பிள்ளையை வெளிச்சத்துக்கு முகம் காட்டி இருத்துங்கள். மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். வாயை நன்றாய்த் திறந்தபடி நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் தொட முடிகிறதா? மேல் உதட்டில் கொஞ்சம் ஜாம் தடவினால் நக்குகிறதா? ஒரு கடைவாயிலிருந்து மற்றக் கடைவாய்க்கு நுனியைக் கொண்டுபோகிறதா?

நாக்கை எவ்வளவு தூரம் வெளியே நீட்டுகிறது என்பதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். கதைக்கும்போது யார் நாக்கை வெளியே நீட்டுகிறார்கள்? பேச்சுக்கு நுனி மேலே எழும்ப வேண்டும், அவ்வளவுதான். இதய வடிவம் தெரிந்தாலும் நுனி மேலே போய்த் தொடுமானால், அந்தச் சவ்வு பேச்சுக்குப் பெரிய தடையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை வைத்தியர்களின் சங்கம் 2020-ல் வெளியிட்ட நிபுணர் கருத்தொருமிப்பும், நாக்குக் கட்டு வழமையாகப் பேச்சைப் பாதிப்பதில்லை என்றே சொல்கிறது. ஒரு பிள்ளையிடமும் பாதிக்காது என்று இதற்கு அர்த்தம் எடுக்கக்கூடாது. 'வழமையாக' என்ற சொல் விட்டுவைத்த விதிவிலக்கில்தான் என் பெறாமகள் இருந்தாள்.

படி 2: எந்த எழுத்து பிழைக்கிறது என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பள்ளிக்கூடத்தில் எழுத்துகளின் பிறப்பு என்று ஒரு பாடம் படித்திருப்போம். க, ங பிறப்பது முதல்நாவில். அதாவது நாக்கின் அடிப்பகுதி அண்ணத்தைத் தொடும்போது. ச, ஞ இடைநாவில். ட, ண நுனிநாவில். ப, ம உதட்டில். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்த அந்தப் பாடம் இப்போது உங்கள் கையில் ஒரு வரைபடம். நாக்குக் கட்டு கட்டிப்போடுவது நுனியை. ஆகவே அது கெடுக்கக்கூடியதும் நுனிநா எழுத்துகளைத்தான்.

ஒரு கொப்பியில் 25 சொல் எழுதுங்கள், படமோ பொருளோ காட்டக்கூடிய சொற்களாய். நான் எழுதியதில் சில:

உதட்டுக்கு: மாமா, பாப்பா, அப்பம், பம்பரம்.
பின்நாக்குக்கு: காக்கா, அக்கா, கை, கப்பல்.
நடுநாக்குக்கு: பச்சை, மஞ்சள், தங்கச்சி.
பல்லோடு சேரும் நுனிக்கு: தாத்தா, பத்து, பந்து.
மேலே எழும்பும், மடங்கும் நுனிக்கு: முட்டை, வீடு, கண்ணாடி, தண்ணி, பள்ளி, பல்லி, பால், மரம்.

"சொல்லு" என்று கேட்காமல் பொருளைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்துப் பிள்ளை திருப்பிச் சொன்னால் கிளிப்பிள்ளைப் பேச்சுத்தான் கிடைக்கும். வருவதை வந்தபடியே எழுதுங்கள். கூடவே போனில் ஒலிப்பதிவும் செய்யுங்கள்.

என் மகன் கொப்பியில் விழுந்தது இப்படி: காக்கா – தாத்தா. அக்கா – அத்தா. கப்பல் – தப்பல். கை – தை. ஆனால் முட்டை, பல்லி, பால் எல்லாம் சுத்தம். க வர வேண்டிய இடத்தில் த வருகிறது. அதாவது பின்நாக்கு செய்ய வேண்டிய வேலையை நுனிநாக்கு எடுத்துச் செய்கிறது. பிறகு நாங்கள் சந்தித்த பேச்சுச் சிகிச்சையாளர் சிரித்துக்கொண்டே சொன்னது: "இவருடைய நுனிநாக்கு ஓவர்டைம் செய்யுது, பின்நாக்குத்தான் லீவில் நிக்குது." கட்டிப்போட்டதாய்ச் சொல்லப்பட்ட நுனிதான் வீட்டில் கடும் உழைப்பாளி! அதை வெட்டி விடுதலை செய்து என்ன பயன்?

பெறாமகளின் பட்டியல் வேறு மாதிரி. காக்கா, பாப்பா, பச்சை எல்லாம் கண்ணாடி போல. முட்டை – முத்தை. கண்ணாடி – கன்னாதி. பள்ளியும் இல்லை பல்லியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. நுனி மடங்க வேண்டிய எழுத்துகள் எல்லாம் வரிசையாய்ப் பிழை, மற்றவை எல்லாம் சரி. அவளுக்கு அப்போது 5 வயது நெருங்கியிருந்தது. வாயைத் திறந்தால் நுனி கீழ்ப்பல்லைத் தாண்டி மேலே எழும்பவே இல்லை.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் இன்னும் சில குழப்பங்களும் தீரும். பிள்ளை 2 வயதாகியும் சொற்களே பேசவில்லை என்றால் அது நாக்குக் கட்டால் வருவதில்லை. கட்டுள்ள பிள்ளையும் 'மா', 'பா' சொல்லும், கையால் காட்டும், தன் பாட்டில் ஏதாவது கதைக்கும். கொன்னை தட்டுவது, அதாவது முதல் எழுத்தில் சிக்கித் திக்குவது, நாக்குக் கட்டால் வருவதில்லை. மூக்கால் பேசுவது அண்ணத்தோடு சம்பந்தப்பட்டது. அதற்குத் தனியாக டொக்டரிடம் காட்ட வேண்டும்.

பிறகு இந்த ழ. உறவுக்காரர் வந்தால் பிள்ளையை நடு வீட்டில் நிறுத்தி "வாழைப்பழம் சொல்லு பாப்பம்" என்பார்கள். "வாளைப்பளம்" என்றதும் தலையை ஆட்டுவார்கள். நானும் ஒருநாள் அந்தப் பெரியவர்களின் வாயைக் கவனித்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் "பளம்"தான். இலங்கைத் தமிழ்ப் பேச்சில் ழ பெரும்பாலும் ள-வோடு கலந்துவிட்டது. வீட்டில் கேட்காத ஒலியைப் பிள்ளை எங்கே போய்ப் பொறுக்கும்? ழ-வுக்காக யாரையும் சனல் பண்ண வேண்டாம்.

படி 3: வயதைப் பாருங்கள்

சுருக்கமாய்ச் சொல்கிறேன். 1 வயதளவில் ஒன்றிரண்டு சொல். 2 வயதில் ஏறக்குறைய 50 சொல், "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்தல். வெளியாருக்கு விளங்குவது 2 வயதில் பாதி, 3 வயதில் முக்கால்வாசி, 4 வயதில் அநேகமாய் முழுதும். ப, ம, த, ந போன்றவை முந்தி வரும். ர, ள, ற பிந்தி வரும். 3 வயதுப் பிள்ளை மரத்தை "மயம்" என்றால் அது மழலை, வருத்தம் இல்லை.

தாமதிக்கவே கூடாதவை: 12 மாதமாகியும் மழலைச் சத்தமோ விரலால் சுட்டிக்காட்டலோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 2 வயதில் இரண்டு சொல் சேரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எல்லாவற்றையும்விட, முன்பு பேசிய சொற்கள் காணாமல் போவது. இது எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டியது. கோயிலுக்கு நேர்த்தி வைத்தால் வையுங்கள், ஆனால் கிளினிக்குக்கும் போங்கள். ஐந்து வயது வரை ஊமையாய் இருந்து திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் பாடத் தொடங்கிய அடியாரின் கதையை எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். அந்தக் கதை மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் பேச்சுப் பிந்தும் பிள்ளைக்கு 2 வயது முதல் 5 வயது வரையான காலம் திரும்பி வராது.

படி 4: நாக்குக்கு முன் காது

இதை எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. பேச்சில் எந்தச் சிக்கல் என்றாலும் முதல் செய்ய வேண்டியது கேட்டல் பரிசோதனை. "அவனுக்கு நல்லாக் கேக்கும், சொக்லட் பேப்பர் சத்தம் கேட்டா ஓடி வருவான்" என்று நானும் சொன்னேன். சத்தம் கேட்பது வேறு, 'க'-வையும் 'த'-வையும் பிரித்துக் கேட்பது வேறு. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பது போல உலகம் மங்கலாய்க் கேட்கும். மகனுக்கு இரண்டு காதிலும் இருந்தது. மருந்து எதுவும் தராமல் மூன்று மாதம் பார்ப்போம் என்றார்கள், தானாக வற்றிவிட்டது. வற்றாத பிள்ளைகளுக்குச் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பார்கள்.

படி 5: எங்கே போவது

பிறந்தபோது தந்த பிள்ளையின் கிளினிக் புத்தகம் வீட்டில் எங்கேயோ இருக்கும். தடுப்பூசிப் பக்கத்தை மட்டும்தான் நாங்கள் திறப்போம்; அதற்குள் வளர்ச்சிப் படிகள் பற்றிய பக்கங்களும் உண்டு. அதை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மிட்வைஃப்பிடம் அல்லது எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் சொல்லுங்கள். வழமையாய்க் காட்டும் ஃபமிலி டொக்டரிடமும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டு வாங்கலாம். துண்டு இல்லாமல் நேரே ஓ.பி.டி.க்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) போவதைவிடத் துண்டோடு போனால் சுற்றல் குறையும்.

கொழும்பில் பெரும்பாலானோர் போய்ச் சேரும் இடம் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி. பத்திரிகைகளில் சீமாட்டி ரிஜ்வே என்று எழுதுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, சிகிச்சைக்குக் காசு இல்லை. வெள்ளவத்தைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு காலி வீதியில் 154 பஸ் எடுத்தால் பொரளைக்குப் போகலாம். தெகிவளைப் பக்கம் என்றால் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. பேச்சோடு நடத்தையிலும் பழகுவதிலும் சந்தேகம் உள்ள பிள்ளைகளுக்கு, ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து இயங்கும் அயதி நிலையமும் உண்டு. இந்த நாட்டில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்துக்குப் பட்டப்படிப்பு நடத்துவதும் அதே ராகம மருத்துவ பீடம்தான்.

யாரைக் கேட்பது என்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். வெட்டலாமா என்று வெட்டுபவரிடம் முதலில் கேட்காதீர்கள். முதலில் காது, பிறகு பேச்சுச் சிகிச்சையாளர், அவர் நாக்கின் அசைவைப் பார்த்து எழுதித் தந்தால் மட்டும் காது மூக்குத் தொண்டை டொக்டர் அல்லது சத்திரசிகிச்சை டொக்டர். நாங்கள் தலைகீழாய்ப் போனோம். ஒரு சனல் காசு வீண்.

படி 6: தமிழைக் கூட்டிக்கொண்டு போங்கள்

கொழும்பில் தமிழில் வேலை செய்யும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் குறைவு. உங்களுக்குக் கிடைப்பவர் நல்ல திறமைசாலியாய் இருப்பார், ஆனால் சிங்களத்தில் கதைப்பார். இதில் குறைபட்டுக்கொண்டு இருப்பதைவிட ஆயத்தமாய்ப் போவது மேல்.

சிங்களத்தில் ட உண்டு, எங்கள் ட போலவே. ஆனால் ண, ள இரண்டுக்கும் எழுத்து இருந்தாலும் பேச்சில் ந, ல என்றே ஒலிக்கும். ஆகவே சிங்களச் சொற்பட்டியலில் உங்கள் பிள்ளையைச் சோதித்தால் பல்லி-பள்ளி வித்தியாசமும் மனம்-மணம் வித்தியாசமும் அந்தச் சோதனையிலேயே வராது. அக்காவின் மகளுக்கு முதல் தடவை "சிறு குறைதான், பரவாயில்லை" என்று சொல்லியனுப்பினார்கள். அடுத்த தடவை அக்கா அந்த 25 சொல் கொப்பியையும் ஒலிப்பதிவையும் கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லுக்கும் தான் சொல்லிக்காட்டி, பிறகு பிள்ளை சொன்னதைப் போட்டுக்காட்டினா. சிகிச்சையாளர் காதில் போனை வைத்து மூன்று முறை கேட்டுவிட்டு, பிள்ளையின் நாக்கை மறுபடி பார்த்தா. அன்றைக்குத்தான் கதை மாறியது.

சிங்களம் சரளமாய் வராது என்றால் வரக்கூடிய ஒருவரைக் கூட்டிப்போங்கள். வீட்டில் எந்த எந்த மொழி புழங்குகிறது என்று சொல்லுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போது தமிழ், சிங்களம், ஆங்கிலம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். "தண்ணி", "வத்துர" இரண்டும் சொன்னால் அது இரண்டு சொல்.

இங்கே ஒரு மனத்தாங்கல். ஒரு நேர்சரியில் எங்களுக்குச் சொன்னது: "வீட்டில தமிழை நிப்பாட்டிட்டு இங்கிலிஷ் மட்டும் கதையுங்கோ, பிள்ளை கொன்ஃபியூஸ் ஆகுது." கேட்க நியாயம் போல இருக்கும். ஆனால் பல மொழி கேட்பதால் பேச்சுத் தடங்கல் வருவதில்லை. அம்மம்மாவோடும் தாத்தாவோடும் கதைக்கும் மொழியைப் பறித்தால் பிள்ளைக்கு இருக்கும் பழக்க நேரமும் குறைந்துபோகும். நாங்கள் நிறுத்தவில்லை.

படி 7: வெட்டுவதென்றால்

நுனி எழும்பவில்லை, பிழைக்கும் எழுத்துகள் நுனியைச் சேர்ந்தவை, பயிற்சி கொடுத்தும் நகரவில்லை. மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வெட்டுவதில் அர்த்தம் உண்டு. வளர்ந்த பிள்ளைக்கு வழமையாய் மயக்கம் கொடுத்தே செய்வார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு விடுவார்கள். இரத்தம் உறையாத வருத்தம் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். சாப்பாடு நிறுத்தச் சொன்ன நேரத்தை விளையாட்டாய் எடுக்க வேண்டாம். "பாவம், பசிக்குது" என்று ஒரு பிஸ்கட் கொடுத்தால் மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை: வெறுமனே வெட்டுவதா, தையல் போடுவதா? மறுபடி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு எப்படி? நாக்கின் கீழ் உமிழ்நீர்க் குழாய்களின் வாய் இருக்கிறது, அதைத் தவிர்ப்பது எப்படி? நல்ல டொக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். லேசர் என்றால் விசேஷம் என்று நினைத்துக் கூடுதல் காசு கட்ட வேண்டியதில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் ஆறிய கஞ்சி, தயிர்ச்சோறு, ஐஸ்கிறீம். உறைப்பும் சுடுசாப்பாடும் முறுக்கும் வேண்டாம். வெட்டிய இடத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் படலம் தெரியும். அக்கா சீழ் என்று நினைத்து இரவோடு இரவாய் எனக்குப் படம் அனுப்பினா. வாய்ப்புண் ஆறுவது அப்படித்தான். நிற்காமல் இரத்தம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தண்ணீரும் குடிக்க மறுத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: வெட்டிய மறுநாள் பேச்சு திருந்திவிடும் என்று. அவிழ்த்துவிட்ட நாக்குக்குப் பழைய வழிதான் தெரியும். என் பெறாமகள் வெட்டி மூன்று கிழமைக்குப் பிறகும் "முத்தை"தான் சொன்னாள். செந்தமிழும் நாப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்!

படி 8: வீட்டில் தினமும் 10 நிமிடம்

வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் வேலை நடப்பது இங்கேதான். ஆஸ்பத்திரியில் சில கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் கிடைக்கும்; மிச்சம் உங்கள் கையில். ஒரே நேரத்தில் ஒரு எழுத்து மட்டும் எடுங்கள். எந்த எழுத்து என்பதைச் சிகிச்சையாளர் சொல்லட்டும்.

முதலில் கேட்கப் பழக்குங்கள். பல்லிப் படம் ஒன்று, பள்ளிக்கூடப் படம் ஒன்று. நீங்கள் சொல்ல, பிள்ளை சரியான படத்தைத் தொட வேண்டும். கத்தி-கட்டி, பத்து-பட்டு, கல்-கள் என்று சோடி தேடலாம் (கடைசிச் சோடிக்குப் படம் தேட நான் முயலவில்லை). காதில் பிரியாத ஒலி வாயில் பிரியாது.

அடுத்தது தனி ஒலி. மகனுக்கு 'க' வரவைத்த விதம் இது: ஹோலில் பாயைப் போட்டு அவனை மல்லாக்கப் படுக்க வைத்தேன். படுத்தால் நாக்கு தானாய்ப் பின்னுக்குச் சரியும். ஐஸ்கிறீம் கரண்டியின் பிடியால் நுனிநாக்கை மெதுவாய் அமத்திப் பிடித்துக்கொண்டு, "தண்ணியை வாயில வச்சுக் கொப்பளிக்கிற மாதிரிச் சத்தம் போடு" என்றேன். ஆறு நாள் ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் தொண்டைக்குள்ளிருந்து "க்" என்று ஒரு சத்தம். அவனே திடுக்கிட்டுக் கண்ணை விரித்தான். அதன் பிறகு அந்தச் சத்தத்தை வீட்டில் எல்லாருக்கும் போட்டுக்காட்டியபடி திரிந்தான். கரண்டி இல்லாமல், பிறகு எழும்பி இருந்து, பிறகு "அக்", "அக்கா".

ட, ண-வுக்கு: மேல்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் கொஞ்சம் ஜாம் தடவி, நுனியால் அதைப் பின்பக்கமாய் இழுத்து நக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் நிறுத்தி "அட்", "அண்". ள-வுக்கு "ல" என்று நீட்டிக்கொண்டே நுனியைப் பின்னால் இழுக்க வைக்கலாம். இரண்டு பேரும் ஒரே கண்ணாடியில் முகம் பார்த்துச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

இணையத்தில் எடுக்கும் ஆங்கிலப் பயிற்சித் தாள்கள் எழுத்தைச் சொல்லின் முதலில் வைத்துத் தொடங்கச் சொல்லும். தமிழில் ட, ண, ள சொல்லுக்கு முதலில் வராதே! எனவே நடுவில் தொடங்குங்கள்: அட்டை, முட்டை, கண்ணாடி, வெள்ளை. பிறகு கடைசி: கண், தேள், மண். பிறகு "ரெண்டு முட்டை", "வெள்ளை முட்டை". பிறகு கதை. ஒரு படியில் பத்துக்கு எட்டுத் தடவை சரியாய் வந்தால்தான் அடுத்த படி.

அந்த 10 நிமிடம் முடிந்த பிறகு திருத்தாதீர்கள். நாள் முழுக்க "சரியாச் சொல்லு, திருப்பிச் சொல்லு" என்றால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "தாத்தா போச்சு" என்றால் "ஓம், காக்கா போச்சு. கறுப்புக் காக்கா" என்று நீங்கள் சரியாய்ச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போங்கள். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு இதைப் பழக்குவதுதான் கஷ்டம். மாமிக்கு இரண்டு மாதம் பிடித்தது.

விட்டுவிட வேண்டியவை

வசம்பை உரைத்து நாக்கில் தடவுவது: வாந்தி, மயக்கம் வரலாம், பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன்: வேண்டவே வேண்டாம், அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் தசைகளைத் தளரச் செய்யும் நச்சை உண்டாக்கும். சவ்வை வீட்டில் நகத்தாலோ பிளேடாலோ கீறுவது: இன்னும் சில இடங்களில் நடக்கிறது, கிருமி பிடிக்கும், இரத்தம் நிற்காமல் போகும். பலூன் ஊதுவது, மெழுகுதிரி அணைப்பது: விளையாட்டுக்குச் செய்யலாம், எழுத்து திருந்தும் என்று நம்பிச் செய்ய வேண்டாம். போனில் பாட்டுப் போட்டுவிட்டுச் சோறு தீத்துவது: 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம், 2 முதல் 4 வரை நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. திரை பதில் சொல்லாது, பதில் கேட்கவும் செய்யாது.

நேர்சரி ரீச்சரிடம் மறைக்காதீர்கள். பிள்ளை சொல்வது விளங்காவிட்டால் "என்ன, என்ன?" என்று எல்லார் முன்னாலும் கேட்காமல் "கொண்டுவந்து காட்டுங்கோ" என்று சொல்லச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் பழித்துக் காட்டினால் தடுக்கச் சொல்லுங்கள். முதலாம் ஆண்டுக்குப் போகும் முன் இதை முடித்துவிட்டால் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது சிக்கல் குறையும். "முத்தை" என்று சொல்கிற பிள்ளை சொல்வதெழுதலிலும் அப்படியே எழுதும்.

படி 9: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே 25 சொல்

அதே கொப்பி, அதே சொற்கள், புதிய ஒலிப்பதிவு. தினமும் கேட்கும் காதுக்கு மாற்றம் தெரியாது, பதிவில் தெரியும். பதிவை வீட்டுக்கு வெளியே ஒருவருக்குப் போட்டுக் காட்டி எத்தனை சொல் விளங்கியது என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஆள் கீழ்மாடிக் கடை அண்ணன். முதல் பதிவில் 25-க்கு 11 விளங்கியது, இரண்டாவதில் 16, மூன்றாவதில் 22. ஆறு மாதம் ஒழுங்காய்ப் பழகியும் எண்ணிக்கை நகராவிட்டால் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் எடுத்துக்கொண்டு சிகிச்சையாளரிடம் திரும்பப் போய், காதை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், நாக்கையும்.